மார்க்கிரட் டீச்சரின் லில்லி

மொட்டு வரை போன கையை இழுத்துக்கொண்டேன்.

இந்த முறை கிள்ளக்கூடாது. கிள்ளினால் நான் மனிதனே இல்லை.

சாலாக் செலாத்தானில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். அந்தப் பக்கம் மார்க்கிரட் டீச்சரின் லில்லித் தொட்டி. கையை நீட்டினால் எட்டும்.

அவர் மகள் ராஜினி, மூன்று வருடத்துக்கு முன் கடல் தாண்டிப் பெர்த்துக்குக் குடிபோகும்போது கேமரன் மலையிலிருந்து வாங்கிக் கொடுத்த கிழங்கு. மற்ற லில்லியெல்லாம் பூத்து ஓய்ந்த பிறகுதான் இந்த ரகம் மொட்டு விடுமாம். அதுவும் சும்மா இல்லை. தண்ணீரை நிறுத்தி, கிழங்கை ஆறு வாரம் ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்தால்தான் அதற்கு ரோஷம் வரும். ஒருமுறை பெரிய வெங்காயம் என்று நினைத்துச் சொதிக்கு உரிக்கப் போய்விட்டார் டீச்சர். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

கூட வந்து இருக்கச் சொல்லி ராஜினி ஞாயிறுதோறும் போனில் கெஞ்சுவாள். டீச்சரின் பதில் ஒன்றுதான்.

"உன் லில்லி ஒரு தடவ பூக்கட்டும்மா. பாத்துட்டு வரேன்."

வேலிக்கு இந்தப் பக்கம் நான் தொட்டியில் மொட்டு தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

எங்கள் பிள்ளைகள் ஒரே வேனில் பள்ளிக்கூடம் போனவர்கள். தீபாவளி முறுக்கு இங்கிருந்து அங்கே போகும், கிறிஸ்துமஸ் கேக் அங்கிருந்து இங்கே வரும், எல்லாம் வேலிக்கு மேலேதான். என் மனைவியும் டீச்சரின் கணவரும் அரசியல் பேசி அடித்துக்கொள்வார்கள். நாங்கள் இருவரும்தான் விலக்கிவிட வேண்டும். என்ன சத்தம், என்ன சிரிப்பு! இப்போது இரண்டு வீட்டிலும் கழுவுவதற்கு ஆளுக்கொரு தட்டு. மிச்சம் இருப்பது வேலியோரம் நின்று குடிக்கும் சாயங்காலத் தேநீர் மட்டும்.

அதை விட மனமில்லாமல்தான் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மொட்டு தலைகாட்டியதுமே, டீச்சர் எழுந்து வருவதற்குள் கிள்ளி எறிந்தேன். எழுபது வயதில் செய்கிற வேலையா இது?

போன மாதம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஒரு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவர் மகளோடு போய் நன்றாக இருக்கட்டும். என் பாடு எப்படியோ போகட்டும்.

மொட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். நாள் முழுக்க அந்தப் பக்கமே திரும்பவில்லை. அழுகையாக வந்தது.

மறுநாள் காலை மொட்டைக் காணோம்.

தண்டு சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. நான் நகத்தால்தான் கிள்ளுவேன்.

டீச்சர் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"இந்த வருஷமும் பூக்கல லா, சுகுமாறன். ராஜினிகிட்ட சொல்லிட்டேன்."