காலிக் கட்டம்

"மச்சான், சட்டைப் பையைக் காட்டு!"

முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஹெட்மாஸ்டரின் அதட்டலில், ஒத்தாசைக்கு வந்திருந்த மனைவியின் தம்பி பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

வலி மாத்திரைக்கும் வருகைப் பதிவேடு போட்டவர் அவர். ஒன்று விழுங்கினால் ஒரு டிக். பதிவேட்டில் டிக் ஒன்பது. அட்டையில் காலியானதோ பதிமூன்று. இன்று அட்டையையே காணோம்.

மச்சான் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து அட்டையை எடுத்தான்.

"போதைக்குத் திருட என் வீடுதான் கிடைச்சுதா? வெளியே போ!"

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அட்டையை அக்காவிடம் கொடுத்தான்.

"அக்கா, எட்டு மணி மாத்திரையை அத்தான் போட்டாச்சு. மறுபடி கேட்டா குடுத்துடாத."

அவன் போனதும், "என்ன உளர்றான்?" என்று சீறினார் ஹெட்மாஸ்டர்.

மனைவிக்குக் கண் கலங்கியது. "மாத்திரை மயக்கத்துல, போட்டதையே மறந்துட்டு மறுபடி போட்டுக்கறீங்க. டாக்டர் சொன்னது ஒரு நாளைக்கு ரெண்டு. நேத்து மட்டும் நாலு! அதான் ஒளிச்சு வச்சான். தெரிஞ்சா கூசிப்போவீங்கன்னு என்னையும் சொல்ல விடல."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். எட்டு மணிக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

மச்சானைக் கூப்பிட வாய் திறந்தார். நாக்கில் மாத்திரையின் கசப்பு இன்னும் போகாமல் இருந்தது.