கட்சிக்கு ஒரு பூட்டு

சபை இரண்டு கட்சியாகி வழக்கு வந்ததிலிருந்து அந்த லுத்தரன் கோயில் கதவில் கட்சிக்கு ஒரு பூட்டு. முதலில் திறப்பவர் விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவாராம். அதனால் சபைப் போதகர் மாசிலாமணி ஐயர் வாசலில் நின்று கையசைக்க, இரு தரப்பும் சேர்ந்து சாவி போடுவார்கள். இன்று ஆராதனை முடிந்து ஐயர் உள்ளறையில் அங்கியைக் கழற்றுவதற்குள் பூட்டிவிட்டார்கள்.

"இப்போ திறங்கப்பா!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"உங்க கையைப் பாக்காம எப்படி ஐயா? அவங்க ஏமாத்திடுவாங்க," என்றார் ஒரு தரப்பின் சாவியை வைத்திருந்த ஞானாபரணம்.

"முதல்ல அவங்க திறக்கட்டும்," என்றது எதிர்த்தரப்பு.

தட்டித் தட்டிக் கை ஓய்ந்தது. கதவில் நெற்றியைச் சாய்த்தவர் ஆராதனையில் வழக்கமாகச் சொல்லும் வாழ்த்தையே சொன்னார்.

"கர்த்தர் உங்களோடு இருப்பாராக."

"உமது ஆவியோடும் இருப்பாராக," என்று வெளியே இரு தரப்பும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஐயர் கதவில் காதை வைத்துக் கேட்டார். ஒரு சாவியும் அசையவில்லை.