உழவு மெசின் கிறீஸ்

முல்லைத்தீவுக் கரையில் நின்று நிரோஜா தூண்டில் தடியை வீசுகிறாள். அலைக்கு அப்பால் விழவேண்டிய ஈயக்குண்டு காலடி நுரைக்குள் பொத்தென்று விழுகிறது. தடியில் நரம்பு சுற்றியிருக்கும் றீலின் மூடியைக் கழற்றுகிறாள். நேற்று அவள் மாற்றிய புதுப் பெயாரிங்குகள் தடித்த மஞ்சள் கிறீசுக்குள் புதைந்து வெயிலில் மினுங்குகின்றன. தூரத்தில் ஆலாப் பறவைகள் மீன்கூட்டத்தின்மேல் பாய்ந்து பாய்ந்து எழும்புகின்றன. பக்கத்தில் நிற்கும் கணவன் ரஜிதன் தலையைச் சொறிகிறான். “றீலைத் தட்டிவிட்டா நிக்காமல் சுத்திக்கொண்டிருந்ததப்பா. பழுதாக்கும் எண்டு உழவு மெசின் கிறீஸ் அடிச்சனான்.” “அப்பிடிச் சுத்தினாத்தானே குண்டு தூரம் போகும்! அதுக்குத்தானே மாத்தினனான். ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?” விரலால் வழித்த கிறீசை அவன் வெள்ளைச் சட்டையிலேயே துடைக்கிறாள். தடியை அவன் கையில் திணிக்கிறாள். “இந்தாங்கோ, இப்ப இது உங்கட உழவு மெசின்தான். கடலை உழுதிட்டு வாங்கோ.”