முதலில் யாரைப் பார்ப்பது?

நர்ஸிங் பரீட்சைக்கான மாலை வகுப்பில், நான் நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாக அலசி முடிப்பதற்குள் காயத்ரி கை தூக்கிவிடுவாள். பாராட்டும் அவளுக்கே போய்விடும். இன்று அரைமணி நேரமாக அவள் கை எழவில்லை. எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

"ஒருத்தர் வலியில கத்துறார். இன்னொருத்தர் சத்தமே இல்லாம இருக்கார். யாரை முதல்ல பார்ப்பீங்க?" என்றார் மேடம்.

"சத்தமில்லாதவரை, மேடம். கத்துறவருக்கு மூச்சு இருக்குது," என்றேன்.

"சபாஷ்மா!"

வகுப்பே கைதட்டியது. எங்களுக்குப் பின்பெஞ்சில் காயத்ரி மட்டும் மேஜைமேல் தலை கவிழ்ந்திருந்தாள்.

"பொறாமையைப் பாருடி," என்று பக்கத்திலிருந்த ஸிந்துஜாவிடம் கிசுகிசுத்தேன்.

"கிருத்திகை விரதம்டி அவளுக்கு. தண்ணிகூட குடிக்காம காலையிலேர்ந்து தறியில உட்கார்ந்துக்கினு இருந்தா," என்றபடி ஸிந்துஜா திரும்பி அவளைத் தொட்டாள். "ஐயோ மேடம், கை ஜில்லுனு இருக்குது!"

அவள் சத்தமில்லாமல் இருந்ததை அந்த வகுப்பில் கவனித்தவள் நான் ஒருத்திதான்.