தாடிக்காரருக்கு அடுத்த படம்

"ஒராளை எடுத்திட்டீங்கள் போல. நல்லதுதானே, பிள்ளை?"

வாகனச் சாரதி எமிலியானுஸ் கதவடியில் நின்று கணினித் திரையைப் பார்த்துக் கேட்டார். சென்ற மாதமும் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்தார்கள். அந்தப் பெடியன் தடுப்புக்காவலிலிருந்து வீடு வந்து சேர்ந்திருந்தான். அவனது தாய் கந்தோருக்கே பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

றோஸ்மேரி திரும்பாமலே தலையை ஆட்டினாள். "சீடி இன்னும் முடியேல்லை, அண்ணை. அரை மணித்தியாலம் பொறுங்கோ."

அது 2007. மன்னார் நகரில், காணாமற்போனவர்களைப் பதிவுசெய்யும் சிறு கந்தோர். ஒருவருக்கு ஒரு கோப்புறை. அதற்குள் அவரது படம், உறவினர் நிரப்பிய படிவம், அடையாள அட்டைப் பிரதி. கிளைக் கந்தோர்களில் இணையம் கிடையாது. அங்கிருப்பவர்களுக்கு சீடியைப் போட்டு, கணினி கேட்கும்போதெல்லாம் 'அடுத்தது' என்பதை அழுத்த மட்டுமே தெரியும்.

அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிய கோப்புறைகளைச் சேர்த்து, மென்பொருளை நிறுவும் பொதியை முழுதாகத் திரும்பக் கட்டி, சீடியில் எழுதி அனுப்புவது றோஸ்மேரியின் வேலை. பொதிக்குள் போகாத ஆள் எந்தக் கிளையிலும் திரையில் வரமாட்டார். இன்றைக்கு ஒன்பது பேரைச் சேர்த்தாள். ஒருவனை எடுத்தாள்.

"படம் உள்ள போயிருச்சா, மிஸ்?"

ராக்கம்மா வந்துவிட்டாள். மலையகத்திலிருந்து வந்து நானாட்டானில் குடியேறிய குடும்பம். மகன் சிங்கராசா உழவு இயந்திரம் ஓட்டுபவன். நான்கு மாதத்துக்கு முன் முருங்கனுக்கு உதிரிப்பாகம் வாங்கப் போனவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து எல்லா வெள்ளியும் அவள் முதல் பஸ்ஸில் வருவாள், இதையே கேட்பாள், படத்தைப் பார்ப்பாள், போவாள். தகவல் வந்ததோ, தகவல் வந்ததோ என்று நச்சரிக்காத ஒரே ஆள் என்பதால் றோஸ்மேரிக்கு அவள்மேல் தனி விருப்பம்.

சீடி எழுதி முடிந்தது. வழக்கம்போல அதைப் பக்கத்துக் கணினியில் நிறுவிச் சோதித்தாள். ராக்கம்மா பின்னால் வந்து நின்றுகொண்டாள். வேண்டாம் என்று சொல்ல றோஸ்மேரிக்கு வாய் வரவில்லை.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தாடி வைத்த சனூன் வந்தார். அவருக்கு அடுத்துச் செபமாலை வந்தார்.

ராக்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வரிசை தெரியும். "தாடிக்காரருக்குப் பொறகு எம் மவன்தானே வரணும்?"

"சீடியில இடம் காணாமல் போச்சுது, அம்மா. வாற கிழமை சேர்ப்பம்."

"எம் மவன் ஒருத்தனுக்குத்தான் எடமில்லையா?"

றோஸ்மேரி இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு அவளை இருத்தினாள்.

"காலமை முருங்கன் கிளையில இருந்து கோல் எடுத்தவை, அம்மா. மாடு மேய்க்கிற ஆக்கள் குளக்கட்டுக்குப் பின்னால ஒரு புதைகுழியைக் கண்டிருக்கினம். சேட்டுப் பொக்கற்றில அடையாள அட்டை இருந்ததாம். நம்பரைப் பார்த்தனாங்கள். சிங்கராசான்ர நம்பர்தான்."

ராக்கம்மா அழவில்லை. அதிர்ச்சியில் மரத்துப்போனாளாக்கும் என்று நினைத்து றோஸ்மேரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன திரும்ப உள்ள போடுங்க, மிஸ்."

"அம்மா, செத்த ஆளைக் காணாமல் போனவையோட வைக்கேலாது."

"திங்கக்கெழம ஆனா எம் மருமக நானாட்டான் ஆபிசுக்குப் போவா. சீடியப் போட்டுப் படத்தக் காட்டுவாங்க. அதுல அவன் இருக்கான்னா உசுரோட இருக்கான்னு நெனப்பு அவளுக்கு. பாத்துட்டு வந்துதான் சோறு திங்கிறா. ஏழு மாசம் அவளுக்கு. ரெண்டு மாசம் வெச்சிருங்க, மிஸ். புள்ள பொறக்குற வரைக்கும்."

"ரெண்டு மாசம் ஏலாது. உடம்பை அடையாளம் காட்டக் கூப்பிட ஆசுப்பத்திரியில இருந்து உங்கட வீட்டுக்கு ஆள் வரும். கூடினால் ஒரு கிழமை."

"ஒரு கெழம போதும்."

வெளியே எமிலியானுஸ் ஹோர்ன் அடித்தார். தள்ளாடி என்ற இடத்துச் சோதனைச்சாவடி மூடுமுன் அதைக் கடக்க வேண்டும் என்று அவர் வழக்கமாகச் சொல்வது நினைவுக்கு வந்தது. றோஸ்மேரி கணினியின் முன் உட்கார்ந்தாள். எடுத்த கோப்புறையைத் தேடிப் பொதியில் சேர்த்தாள். கணினி பொதியை முதலிலிருந்து கட்டத் தொடங்கியது. பச்சைக் கோடு மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுவிப் பார்த்தபோது சனூனுக்கும் செபமாலைக்கும் நடுவில் சிங்கராசா வந்தான். உழவு இயந்திரத்தில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

ராக்கம்மா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

எதையாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் போல இருந்தது றோஸ்மேரிக்கு. "நாய் நரி தொடாமல் நல்ல ஆழமாக் கிண்டி, துணியால சுத்தித் தாட்டிருக்கினமாம், அம்மா. ஆரோ நல்ல மனுசர். அது ஆரெண்டு பொலிஸ் விசாரிக்குதாம்."

ராக்கம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விசாரிக்க வேணாம்னு சொல்லுங்க, மிஸ். நாந்தான் பொதச்சேன்."