வீட்டில் படிக்க வேண்டிய பாடம்

'ஆகஸ்ட் 12. இன்று ஒரு சின்னத் தவறு. மாலை வகுப்பு முடிந்ததும் கரும்பலகையை அழிக்க மறந்துவிட்டேன்.'

டைரியில் ப்ரீதா எழுதியது அவ்வளவுதான். அழிக்காமல் விட்டது கருப்பையின் படம். மறுநாள் காலை அதே அறைக்கு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று பள்ளிக்கு வந்ததுமே கேள்விப்பட்டாள்.

"என்ன மேடம், ஓவியக் கண்காட்சியா?" என்றார் கணக்கு வாத்தியார் ஜெயந்த். "வராந்தாவுல ஒரு அம்மா உங்களக் கேட்டு நிக்கறாங்க. முகமே சரியில்ல."

படியிறங்கும்போது பிரின்சிபால் வழிமறித்தாள். "இனப்பெருக்கப் பாடத்த வீட்லயே படிச்சுக்கச் சொல்றதுதானே இங்க வழக்கம்? போன வருஷம் நீயும் அப்படித்தானே சொன்னே? இப்ப என்ன வந்துது? நீ வெறும் கெஸ்ட் டீச்சர், நிரந்தர வேலை இல்ல, ஞாபகம் வெச்சுக்கோ. ஜல்தி சாரி சொல்லி அனுப்பு."

வராந்தாவில் நின்றவள் வள்ளி, பத்தாம் வகுப்பு ராஜியின் அம்மா. சரியாகத் தூங்காத கண்கள். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் பிரெட் பாக்கெட். டெல்லியின் ஒரு கோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து பஸ் மாறி வருகிறவள் வழியில் சாப்பிட வைத்திருக்கிறாள் போலும்.

"நேத்து ராஜிக்கு என்ன பாடம் எடுத்தீங்க?" என்றாள்.

ப்ரீதா கைகூப்பிவிட்டாள். "தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க. இனிமே அத வகுப்புல எடுக்க மாட்டேன். வீட்லயே படிச்சுக்கட்டும்."

"போன வருஷம் எங்க மூத்தவ ரோஹிணிகிட்டயும் இதத்தான சொன்னீங்க?"

ப்ரீதா ஆமென்று தலையாட்டினாள்.

"பார்க்குல ஒரு பையன் கன்னத்துல முத்தம் குடுத்தானாம். அதுலயே வயித்துல புள்ள வந்துடுச்சுன்னு நெனச்சு, முந்தாநேத்து மருந்தக் குடிச்சிட்டா. உசுரு பொழச்சிட்டா. ஆனா பயம் போகல."

"ஐயோ... டாக்டர் எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னாங்க. என்னச் சமாதானம் பண்றதுக்காகப் பொய் சொல்றீங்கன்னு அழுவுறா. நேத்து ராஜி வந்து, 'அக்கா, அப்படியெல்லாம் ஆவாது, டீச்சரே சொன்னாங்க'ன்னா. அப்பத்தான் மொத மொதல்ல நிமுந்து பாத்தா."

பின்னால் பிரின்சிபாலின் செருப்புச் சத்தம் நெருங்கியது. வள்ளி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, அவளுக்கும் அந்தப் பாடத்த எடுங்க டீச்சர்."