மாமனார் கொடுத்த வெள்ளி

நாணயப் பரிசோதகர் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. அவள் மேசையருகே இன்னும் நெருங்கி நின்றாள். திருமணத்தன்று அப்பா அசலென்று சொல்லிக் கொடுத்த பழைய ஸ்பானிய வெள்ளி நாணயம் அது. போலியென்றால் அப்பாவின் வாக்கே பொய்யாகிவிடும். "உங்கப்பா கொடுத்த தகர வில்லை" என்று ஆண்டுக்கணக்கில் கேலி பேசிவரும் கணவரைக் கையில் பிடிக்க முடியாது.

ஆனால், பக்கத்தில் நின்ற அந்தக் கணவருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

"என்னங்க, அசல்னு சொல்லிட்டா இனிமே கேலி பண்ண முடியாதேன்னு கவலையா?"

"கொஞ்சம் சும்மா இரேன்."

பரிசோதகர் நிமிர்ந்தார். "அசல்தாம்மா. இந்தக் குட்டிக் குட்டிப் பள்ளமெல்லாம் அந்தக் காலத்து வியாபாரிங்க வெள்ளியைச் சோதிச்சுட்டு அடிச்ச முத்திரை. ஆனா ஓரத்துல இருக்கே, இது மட்டும் புதுசு. போன வாரம் அடிச்ச மாதிரி மினுங்குது. நல்ல நாணயத்தை யாரோ கெடுத்துட்டாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவர் தலைகுனிந்துகொண்டார்.

"முத்திரை இருந்தாத்தான் அசல்னு நம்புவாங்கன்னு எங்கேயோ படிச்சேன். பழசெல்லாம் தேஞ்சு கிடந்துச்சு, அதான் நானே ஒண்ணு அடிச்சேன். உங்கப்பாவை நான் கேலி பண்ணலாம். வெளியாள் அவரைப் பொய்யர்னு சொன்னா நீ தாங்குவியா?"